ஹெல்மெட்டைக் கழற்றும் நேரம்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஃபார்முலா 1 பந்தயத்தின் மூத்த ஓட்டுநர்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கவலைதான்: இவர்கள் எப்போது குழு மாற வேண்டும், எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும்? சோழவரத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயக் கார்களுக்கு மெக்கானிக்காகக் கை கறுத்தவன் நான். இந்த மாதம் முழுக்க இந்தக் கேள்விகளுக்கே இடம் ஒதுக்கிவிட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லூயிஸ் ஹாமில்டன் மெர்சிடிஸிலேயே ஓய்வு பெற்றிருக்கலாமே ஐயா? 40 வயதில் ஃபெராரிக்குப் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டது ஏன்?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

பெயர் கெட்டுவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. 7 பட்டம், 2025 முடிய 105 வெற்றி. அதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் அழிக்க முடியாது. ஆனால் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. 2025இல் ஷாங்காயில் ஸ்பிரின்ட் என்னும் குறும்பந்தயத்தை வென்றதைத் தவிர, ஆண்டு முழுவதும் ஒரு கிராண்ட் ப்ரீயில்கூட அவர் முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. 2007இல் அறிமுகமானதிலிருந்து அப்படியோர் ஆண்டு அவருக்கு வந்ததே கிடையாது. ஹங்கேரியில் சக ஓட்டுநர் லெக்லெர்க் முதல் இடத்தில் தகுதி பெற்ற அதே சனிக்கிழமை, இவருக்குக் கிடைத்தது 12ஆம் இடம். ‘நான் எதற்கும் உதவாதவன், குழு வேறு ஓட்டுநரைத் தேடலாம்’ என்ற பொருளில் அன்று பேசினார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

போனது சரியா என்பதற்கு முதலில் 2012ஐப் பார்க்க வேண்டும். அப்போது அவர் மெக்லாரனில் இருந்தார். சிறு வயதிலிருந்தே அவரை வளர்த்த குழு, பந்தயங்களை வென்றுகொண்டிருந்த கார். மெர்சிடிஸோ 2010இல் திரும்பி வந்ததிலிருந்து ஒரே ஒரு பந்தயத்தைத்தான் வென்றிருந்தது. அங்கே போகிறேன் என்று அவர் அறிவித்தபோது பணத்துக்காகப் போகிறார் என்று பலரும் எழுதினார்கள். நடந்தது வேறு. மெர்சிடிஸ் குழுத் தலைவர் ராஸ் பிரான், ஹாமில்டனுடைய அம்மாவின் வீட்டுக்கே போய், சமையலறையில் தேநீர் குடித்தபடி, 2014இல் விதிகள் மாறும்போது தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதை விளக்கினார். மெர்சிடிஸுக்காக முன்னாள் சாம்பியன் நிக்கி லாடாவும் விடாமல் பேசினார். விதிகள் மாறின, டர்போ ஹைப்ரிட் இன்ஜின் வந்தது, மெர்சிடிஸ் மற்றவர்களை வெகு தூரம் பின்னால் விட்டது. 12 ஆண்டுகளில் 84 வெற்றி, 6 பட்டம்.

ஃபார்முலா 1இல் குழு மாறுவது என்றால் இதுதான். இன்று வேகமாக ஓடும் காரைப் பார்த்து மாறுகிறவர் பெரும்பாலும் ஏமாறுவார். விதிகள் அடுத்து எப்போது மாறுகின்றன, அதற்கு எந்தக் குழு இப்போதே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹாமில்டன் ஃபெராரிக்குப் போவதாக அறிவித்தது 2024 பிப்ரவரி 1. அந்த ஆண்டின் முதல் பந்தயமே நடந்திருக்கவில்லை. 2026இல் இன்ஜினும் கார் வடிவமும் ஒருசேர மாறப்போகின்றன என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே அவர் கணக்குப் போடாமல் போனார் என்று சொல்வது தவறு.

அப்படியானால் 2025இல் எங்கே இடறியது? ஷூமாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டத்தோடு 1996இல் ஃபெராரிக்குப் போனபோது அந்தக் குழுவின் ஓட்டுநர் எவரும் 1979க்குப் பிறகு பட்டம் வென்றிருக்கவில்லை. முதல் ஆண்டு 3 வெற்றி. அது முடிவதற்குள் பெனட்டனில் அவருக்குக் கார் செய்து கொடுத்த ராஸ் பிரான், ரோரி பைர்ன் இருவரும் பின்னாலேயே வந்து சேரும் ஏற்பாடு ஆகிவிட்டது. அப்படியும் பட்டம் 2000இல்தான் கிடைத்தது. ஐந்தாவது ஆண்டு! ஹாமில்டனுக்கு 2013 முதல் காதில் ஒலித்த குரல், அவருடைய பந்தய இன்ஜினியர் பீட்டர் பானிங்டனுடையது. அவர் மெர்சிடிஸிலேயே தங்கிவிட்டார். அந்தக் குரல் ஒரு சொல் சொன்னால் ஓட்டுநருக்குப் பத்து சொல் புரியும். புது இடத்தில் பத்து சொல் சொன்னாலும் ஒன்றுதான் புரியும், அதுவும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில்.

இன்னொன்று கால் சம்பந்தப்பட்டது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும் விசையை வளைவில் திரும்புவதற்கு ஃபெராரியில் பயன்படுத்துகிறார்கள், அது தனக்குப் பழக்கமில்லாத முறை என்று அவரே சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக வலது காலுக்குள் ஊறிப்போன ஒன்றை நாற்பது வயதில் மறக்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. மூத்தவர்கள் குழு மாறும்போது படும் பாட்டில் பாதி இதுதான் தம்பி. யாரும் இதைப் புள்ளிப் பட்டியலில் எழுதுவதில்லை.

ஓய்வு முடிவைச் சரியாக எடுத்தவர் என்று யாரைச் சொல்வீர்கள்?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

ஜாக்கி ஸ்டூவர்ட் என்று தயங்காமல் சொல்வேன் அம்மா. 1973 ஏப்ரலிலேயே, அந்த ஆண்டோடு நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டார். அப்போது அவர் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே கிடைத்தது. குழு முதலாளி கென் டிரெல் உட்பட விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடம் மட்டும் சொன்னார். மனைவி ஹெலனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், ‘இன்னும் ஏழு பந்தயம், இன்னும் ஆறு’ என்று அவர் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் சாவார் என்ற பயம். அந்தக் காலத்தில் ஒரு பருவம் முடிவதற்குள் தெரிந்தவர்களின் சவ ஊர்வலத்துக்கு இரண்டு மூன்று முறையாவது போக வேண்டியிருந்தது.

கடைசிப் பந்தயம் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென். அவருக்கு அது 100ஆவது பந்தயமாக அமைய வேண்டியது. தன் இடத்தில் அடுத்த ஆண்டு தலைமை ஏற்பார் என்று அவர் எண்ணியிருந்த சக ஓட்டுநர் பிரான்சுவா செவெர், தகுதிச் சுற்றில் மோதி இறந்துபோனார். குழு பந்தயத்திலிருந்து விலகியது. ஸ்டூவர்ட்டின் கணக்கு 99இல் நின்றது. பிறகு எந்த ஆண்டும், நூறு ஆக்கிவிடலாம் என்று அவர் திரும்பி வரவில்லை. ஒரு மனிதர் வட்ட எண்ணை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. நம் ஊரில் சதத்துக்காக எத்தனை பேர் எத்தனை ஆண்டு காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் நைஜல் மான்செல். 1990இல் சில்வர்ஸ்டோனில், சொந்த நாட்டு ரசிகர்களுக்கு முன்னால், அவருடைய ஃபெராரியின் கியர் பெட்டி கைவிட்டது. கையுறைகளைக் கூட்டத்தில் எறிந்துவிட்டு, அன்றைக்கே ஓய்வு என்று அறிவித்தார். கோபம் ஆறியதும் வில்லியம்ஸுடன் ஒப்பந்தம் போட்டார். 1992இல், 39 வயதில் உலகச் சாம்பியன்! அன்று மாலை எடுத்த முடிவிலேயே நின்றிருந்தால் பட்டமே இல்லாமல் போயிருப்பார். ஆகவே கெட்ட பந்தயம் முடிந்த மாலையில் எந்த ஓட்டுநரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஹாமில்டனின் ஹங்கேரிச் சனிக்கிழமையையும் நான் அந்தக் கணக்கில்தான் வைக்கிறேன்.

ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வருவது ரசிகர்களை ஏமாற்றுவது இல்லையா?
– மளிகைக் கடைக்காரர், மன்னார்குடி

இல்லை. நிக்கி லாடா 1979 செப்டம்பரில் கனடாவின் மான்ட்ரியலில் பயிற்சி ஓட்டத்தின் நடுவே காரை விட்டு இறங்கினார். வட்டமடித்து வட்டமடித்து அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய் விமான நிறுவனம் நடத்தினார். மான்செலுக்குச் சொன்னதை லாடாவுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். லாடாவுக்குக் கோபம் இல்லை. 1976இல் நூர்பர்க்ரிங்கில் தீயில் வெந்து, ஆறே வாரத்தில் மோன்சாவில் மீண்டும் காரில் ஏறி 4ஆவதாக வந்தவர் அவர். அதே ஆண்டு கடைசிப் பந்தயத்தில், ஜப்பானின் ஃபூஜியில் கொட்டும் மழையில், பட்டம் கையில் இருந்தும் இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டு இறங்கினார். ஒரே புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போயிற்று. தன் மனம் ஒப்பவில்லை என்றால் இறங்கிவிடுவது அவருடைய இயல்பு. மான்ட்ரியலிலும் அதையே செய்தார்.

1982இல் மெக்லாரனுக்காகத் திரும்பி வந்து மூன்றாவது பந்தயத்திலேயே வென்றார். 1984இல் சக ஓட்டுநர் அலைன் ப்ராஸ்ட் 7 பந்தயம் வென்றார், லாடா 5. ஆனாலும் பட்டம் லாடாவுக்கு, வெறும் அரைப் புள்ளியில்! மழையால் பாதியில் நின்ற மொனாக்கோ பந்தயத்துக்குப் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள், அதனால் வந்த அரை அது. ப்ராஸ்ட் தன்னைவிட வேகமானவர் என்று லாடாவுக்குத் தெரியும். தகுதிச் சுற்றில் அவரோடு முட்டிமோதுவதை விட்டுவிட்டுப் பந்தயத்துக்குக் காரைத் தயார் செய்வதில் நேரத்தைச் செலவிட்டார். கடைசிப் பந்தயத்தில் 11ஆம் இடத்திலிருந்து கிளம்பி 2ஆவதாக வந்தார். இளைஞன் ஜெயிக்கும் வழி வேறு, மூத்தவன் ஜெயிக்கும் வழி வேறு என்பதற்கு இதைவிட நல்ல பந்தயம் எனக்குத் தெரியாது.

ஷூமாக்கர் 2010இல் 41 வயதில் மெர்சிடிஸுக்குத் திரும்பியதைத் தோல்வி என்பார்கள். மூன்று ஆண்டும் சக ஓட்டுநர் ரோஸ்பெர்க் அவரைவிட அதிகப் புள்ளி எடுத்தது உண்மை. மூன்று ஆண்டில் ஒரே ஒரு முறைதான் மேடை ஏறினார், 2012இல் வலென்சியாவில் 3ஆம் இடம். ஆனால் அதே ஆண்டு மொனாக்கோவில், 43 வயதில், தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகமான நேரம் அவருடையது. முந்தைய பந்தய மோதலுக்கான தண்டனையால் ஐந்து இடம் பின்னால் தள்ளிவிட்டார்கள். தடுப்புச் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டிய தெரு அது. அங்கே 43 வயதில் முதல் நேரம் எடுத்தவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லவும் விட மாட்டேன்.

அலோன்சோ எப்போதும் தப்பான நேரத்தில் தப்பான குழுவுக்குப் போகிறவர் என்கிறார்களே?
– சாப்ட்வேர் ஊழியர், பெங்களூரு

ரெனோவில் 2005, 2006 பட்டம். 2007இல் மெக்லாரனுக்குப் போய் ஒரே புள்ளியில் இழந்தார். ஃபெராரியில் 2010இல் 4 புள்ளி, 2012இல் 3 புள்ளி. கூட்டிப் பாருங்கள், எட்டே எட்டுப் புள்ளி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவர் ஐந்து முறை சாம்பியன். அப்போது அதே முடிவுகளை மேதைமை என்று எழுதியிருப்பார்கள். 2015இல் ஹோண்டா இன்ஜினோடு மெக்லாரனுக்குத் திரும்பியதை மட்டும் நான் தவறு என்பேன். அந்த இன்ஜின் அப்போது பிறந்த குழந்தை.

நான் அவரை மதிப்பது இன்னொன்றுக்காக. 2018இல் விலகிய பிறகு சும்மா இருக்கவில்லை. விலகும் முன்பே டொயோட்டாவில் ஒருமுறை வென்றிருந்த லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை 2019இல் மறுபடி வென்றார், டக்கார் பாலைவன ராலியில் ஓட்டினார், 2021இல் திரும்பி வந்தார். 2022 ஜூலை கடைசியில் ஆஸ்டன் மார்ட்டின் குழுவின் வெட்டல் ஓய்வை அறிவித்தார். நாலே நாளில், ஆகஸ்ட் 1ஆம் தேதி, அந்த இருக்கை அலோன்சோவுக்கு என்று செய்தி வந்தது. அலோன்சோ அப்போது ஓட்டிக்கொண்டிருந்த அல்பின் குழுவின் தலைவருக்கே பத்திரிகைக் குறிப்பு மூலம்தான் தெரிந்ததாம். 35 வயதான வெட்டல் பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க வீட்டுக்குப் போகிறார், 41 வயதான அலோன்சோ அவர் எழுந்த நாற்காலியில் உட்காருகிறார். இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அடுத்த ஆண்டே அலோன்சோ 8 முறை மேடை ஏறினார்.

பட்டம் வென்ற ஐந்தாம் நாளே ரோஸ்பெர்க் ஓய்வு பெற்றது பயத்தாலா?
– வாசகர், காரைக்குடி

2016இல் ஹாமில்டனைத் தோற்கடிக்க என்னென்ன கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு முறை கொடுக்க மனமில்லை. 31 வயதில் அதை உரக்கச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

திறமை போய்விட்டது என்பது ஓட்டுநருக்கு முதலில் தெரியுமா, மற்றவர்களுக்கா? நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?
– பட்டறை உரிமையாளர், கோவை

பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கம், இருங்காட்டுக்கோட்டை. மாருதி இன்ஜின் பூட்டிய ஒற்றை இருக்கைக் கார்கள். நான் வேலை பார்த்த ஓட்டுநருக்கு அப்போது 44 வயது. காரில் உட்கார்ந்ததும் ஹெல்மெட் பட்டையை ஒரே இழுப்பில் மாட்டிவிட்டுக் கட்டை விரலைக் காட்டுவார், அவ்வளவுதான். அந்த ஆண்டு மட்டும், “டயரில் காற்று பார்த்தாயா?” என்று மூன்று முறை கேட்டார். பார்த்துவிட்டேன் அண்ணா என்று மூன்று முறையும் சொன்னேன். பட்டையை மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார்.

நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சுற்று நேரம் முன்பு போலவே இருந்தது, புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடம். எனக்குக் காட்டிக்கொடுத்தது பிரேக் பேட். இரண்டு பந்தயத்துக்கு ஒருமுறை தேய்ந்து தகடு தெரியும் பேட், அந்த முறை மூன்றாவது பந்தயத்துக்கும் தாங்கும் கனத்தோடு இருந்தது. வளைவுக்கு முன்னால் கொஞ்சம் சீக்கிரமாக, கொஞ்சம் மெதுவாகப் பிரேக் மிதிக்கிறார் என்று அர்த்தம். விட்ட நேரத்தை வளைவிலிருந்து வெளியேறும்போது அனுபவத்தால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய பேட்டுகளைக் கழுவி மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது போல நின்றேன். அவர் வந்தார். ஒன்றை எடுத்தார், திருப்பிப் பார்த்தார். வெர்னியர் காலிப்பரை வாங்கி, நாலு பேட்டையும் ஒவ்வொன்றாக அளந்தார். எதுவும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, மீதிப் பந்தயங்களிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. அந்த மூன்று முறை கேட்டது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1இல் இன்னும் காத்திருந்திருக்க வேண்டுமா?
– மாணவர், பொள்ளாச்சி

கோவைக்காரர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அவர் செய்தது மிகச் சரி. 2005இல் ஜோர்டான் காரில் முதல் இந்தியராக ஓட்டினார். டயர் பிரச்சினையால் ஆறே கார் ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் 4ஆவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். 2011, 2012இல் ஹெச்.ஆர்.டி. குழு, அந்தக் காரில் கடைசி வரிசையிலிருந்து முன்னேற வழியே இல்லை. அதற்குமேல் அங்கே காத்திருந்தால் வயது மட்டும்தான் ஏறும். ஜப்பானுக்குப் போனார். 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலா என்னும் ஒற்றை இருக்கைக் கார் பந்தயத் தொடர். பிறகு கூரையுள்ள கார்களுக்கு மாறி, 2019 நவம்பரில் ஃபூஜியில், சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தை ஹோண்டாவில் வென்றார். அப்போது வயது 42. குழு மாறுவது என்றால் மேலே ஏறுவது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இவரைப் பார்க்க வேண்டும். தன்னால் ஜெயிக்க முடிகிற இடத்தைத் தேடிப் போனார்.

என் அப்பா 31 ஆண்டுகளாக அரசு பஸ் ஓட்டுநர். அடுத்த மாதம் ஓய்வு. இரவில் தூங்குவதில்லை. பந்தயக்காரர்களைப் போல நாள் குறிக்கும் உரிமை அவருக்கு இல்லையே ஐயா?
– வாசகி, திண்டுக்கல்

உண்மைதான் அம்மா. ஆனால் பந்தயக்காரர்களில் பலருக்கும் அந்த உரிமை கிடைப்பதில்லை. டேமன் ஹில் 1996இல் பட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோதே, அடுத்த ஆண்டு உனக்கு இடமில்லை என்று வில்லியம்ஸ் குழு சொல்லிவிட்டது. சாம்பியனாகியும் அந்தக் குழுவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மிகச் சாதாரணமான ஆரோஸ் காரில் ஹங்கேரியில் கடைசிச் சுற்று வரை முன்னால் ஓடினார். ஹைட்ராலிக் கோளாறு வராமல் இருந்திருந்தால் அது அவருடைய வெற்றி. 1998இல் ஜோர்டான் குழுவுக்கு அதன் முதல் வெற்றியை ஸ்பாவில் வாங்கிக் கொடுத்தார். வெளியே போ என்று மற்றவர்கள் தேதி குறித்தபோது அவர் கைகளில் ஓட்டம் மிச்சம் இருந்தது. உங்கள் அப்பாவுக்கும் இருக்கும். தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான், நோய் எதுவும் இல்லை.

“இனி ஓய்வாக இருங்கள் அப்பா” என்று வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். எந்த வளைவில் எந்த கியர், எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள், மழையில் எந்தப் பாலம் வழுக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள். புதிதாக அந்த வழித்தடத்துக்கு வரும் பையனுக்கு அது வேண்டும். கடைசி நாளின் கடைசி டிரிப்புக்கு நீங்களும் டிக்கெட் எடுத்து ஏறுங்கள். முன்னால் போய் நிற்க வேண்டாம். உள் கண்ணாடியில் அவர் நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். எந்த வழித்தடம், வண்டி எத்தனை மணிக்கு நிலையத்துக்கு வரும் என்று எனக்கு எழுதுங்கள். திண்டுக்கல் எனக்குத் தூரமில்லை.